கடல் சேற்றில் தங்கம் சேர்ந்த கணக்கு

தங்கத்தை அறியாத வணிகர் இல்லை. கடையில் மிஞ்சிய காசை நாலு பவுனாக மாற்றி வைப்பதும், கொள்முதலுக்குப் பணமுடை வரும்போது அதையே அடகு வைத்துச் சரக்கு எடுப்பதும் நம்மிடையே காலம் காலமாக உள்ள பழக்கம். ஆனால் அந்தத் தங்கம் பூமிக்குள் எப்படிச் சேர்ந்தது என்று யாராவது கேட்டால், "சுரங்கத்தில் கிடைக்கிறது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். சுரங்கத்துக்கு அது எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்கான விடை ஒரு மொத்த வியாபாரியின் கொள்முதல் கணக்கைப் போலவே இருக்கிறது. நூறு கிராமங்களில் படி படியாகக் கிடக்கும் தானியத்தைச் சிறு வியாபாரி சேர்க்கிறார். அவரிடமிருந்து கமிஷன் மண்டிக்கு மூட்டையாக வருகிறது. மண்டியிலிருந்து லாரி லோடாகப் போகிறது. தங்கமும் அப்படித்தான் கைமாறிக் கைமாறிச் சேர்ந்திருக்கிறது. இங்கே கொள்முதல் செய்தவர்கள் கடல், சேறு, வெப்பம், மலை மடிப்பு ஆகியோர். பிடித்த காலம்தான் சற்று அதிகம்: பல கோடி ஆண்டுகள்.

இதற்கு நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்ன் நகருக்கு வடமேற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெண்டிகோ. 1851-இல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 1954-இல் கடைசிச் சுரங்கம் மூடப்படும் வரை சுமார் 2 கோடியே 20 லட்சம் அவுன்ஸ், அதாவது 680 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். நம் கணக்கில் இது சுமார் எட்டரைக் கோடி பவுன். அத்தனையும் ஒரு காலத்தில் ஆழ்கடலின் அடியில் படிந்த மணலும் சேறும் இறுகி உண்டான பாறைகளிலிருந்து வந்தது.

எங்கும் இருக்கிறது, எங்கும் கிடைப்பதில்லை

தங்கம் அபூர்வமானது என்று சொல்கிறோம். ஆனால் அது இல்லாத இடமும் இல்லை. சாதாரணப் பாறை ஒரு டன்னை எடுத்துச் சோதித்தால் சுமார் 2 முதல் 4 மில்லிகிராம் தங்கம் இருக்கும். கடல் நீரிலும் இருக்கிறது. அட்லாண்டிக், வட பசிபிக் கடல்களில் சுமார் 10 கோடி டன் நீருக்கு ஒரு கிராம்.

இந்தக் கணக்கைச் சரியாகப் பார்க்காமல் கடலில் இறங்கியவர்களும் உண்டு. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மீது 1921-இல் 13,200 கோடி தங்க மார்க் நஷ்ட ஈடு சுமத்தப்பட்டது. அந்நாட்டு விஞ்ஞானி பிரிட்ஸ் ஹேபர், கடல் நீரிலிருந்தே தங்கம் எடுத்து இந்தக் கடனை அடைத்துவிடலாம் என்று எண்ணினார். இவர் சாதாரணமானவர் அல்ல. காற்றிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்து 1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். இன்று நம் ஊர் உரக்கடையில் விற்கும் யூரியாவுக்கே மூலம் அந்த முறைதான். முன்னிருந்தவர்கள் எழுதி வைத்ததை நம்பி, ஒரு டன் கடல் நீரில் 5 மில்லிகிராம் அளவுக்குத் தங்கம் இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். கப்பலில் போய்ப் பல கடல்களின் நீரை அளந்து பார்த்தபோது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. 1920-களின் பிற்பகுதியில் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். கடலிலிருந்து எடுப்பதானாலும் அளந்துதான் எடுக்க வேண்டும் என்பதை ஹேபரின் அனுபவம் காட்டியது.

ஒரு பவுனுக்கு எட்டு கிராம். சாதாரணப் பாறையில் ஒரு பவுன் சேர்க்க வேண்டுமானால் 2,000 முதல் 4,000 டன் வரை, அதாவது பத்து டன் லாரியில் 200 முதல் 400 லோடு உடைத்து அரைக்க வேண்டும். யாருக்குக் கட்டுப்படியாகும்? அதே ஒரு பவுன் ஒரே டன் பாறையில் இருந்தால் அது நல்ல சுரங்கம். ஆக, தங்கச் சுரங்கம் என்பது தங்கம் இருக்கும் இடம் அல்ல. பக்கத்திலுள்ள பாறையைவிட இரண்டாயிரம், மூவாயிரம் மடங்கு தங்கம் திரண்டு நிற்கும் இடம். திரட்டியவர் யார் என்பதே கேள்வி.

கடலடியில் முதல் கொள்முதல்

சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பெண்டிகோ இருக்கும் இடம் ஆழ்கடல். நிலத்திலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மணலும் வண்டலும் கடலோரச் சரிவில் குவிந்து, அவ்வப்போது சரிந்து, கலங்கிய வெள்ளமாக ஆழத்தில் போய்ப் படிந்தன. ஒவ்வொரு சரிவிலும் முதலில் கனமான மணல், அதன் மேல் மென்மையான சேறு. இப்படி அடுக்கு மேல் அடுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் சேர்ந்தன. மணல் மணற்பாறை ஆயிற்று. சேறு சிலேட்டுக்கல் ஆயிற்று. நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய அதே வகைக் கல்தான். அந்தக் கல்லில் கிராப்டலைட் எனப்படும் பழங்காலக் கடல் உயிர்களின் தடங்கள் பென்சிலால் கீறியதுபோல் பதிந்திருக்கின்றன. அது கடலடிச் சேறு என்பதற்கும், அதன் வயதுக்கும் அவையே சாட்சி.

இப்படிப்பட்ட கடலடிச் சேற்றில், காற்றோட்டம் இல்லாத கறுப்புச் சேறு தனி ரகம். செத்து விழும் நுண்ணுயிர்களின் கரி அதில் மட்காமல் தங்கிவிடும். கரியும் களிமண்ணும் நீரில் கரைந்து வரும் தங்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உள்ளவை. பிராண வாயு இல்லாத அந்தச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் கடல் நீரிலுள்ள சல்பேட்டிலிருந்து கந்தக வாயுவை உண்டாக்குகின்றன. அது இரும்போடு சேர்ந்து பைரைட் என்னும் மஞ்சள் கனிமம் ஆகிறது.

பைரைட்டைக் கண்டு தங்கம் என்று ஏமாந்தவர்கள் உலகெங்கும் உண்டு. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்தப் போலிப் பொன்னுக்குள்ளேதான் உண்மைப் பொன் ஒளிந்திருக்கிறது. பைரைட் வளரும்போது சுற்றிலுமுள்ள ஆர்செனிக்கையும் தங்கத்தையும் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாது, சாதாரண உருப்பெருக்கியிலும் தெரியாது. லேசர் கதிரால் ஊசி முனை அளவு இடத்தைச் சுட்டு ஆவியாக்கி அளக்கும் கருவி வந்த பிறகுதான் இது தெளிவாயிற்று. டாஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தின் ராஸ் லார்ஜும் அவருடைய குழுவினரும் இந்த முறையில் பல நாட்டுப் பாறைகளைச் சோதித்தார்கள். கரி நிறைந்த கடல் சேறே பல தங்க வயல்களுக்கு மூலச் சரக்கு என்று 2011-இல் விளக்கி எழுதினார்கள்.

வெப்பம் ஏறியதும் கைமாறியது

சேற்றில் இருக்கும் தங்கம் சில்லறைச் சரக்குதான். அதைக் கொண்டு சுரங்கம் நடத்த முடியாது. அது மொத்தச் சரக்கு ஆவதற்கு வெப்பம் வேண்டும்.

அடுக்குகள் மேலும் மேலும் சேர்ந்து, நிலத்தட்டுகள் நெருக்கி அமுக்கியதில், அடியிலிருந்த பாறைகள் பத்துக் கிலோமீட்டருக்கும் கீழே இறங்கின. அங்கே வெப்பம் 400, 500 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் பைரைட் தாங்காது. தன்னிடமுள்ள கந்தகத்தில் ஒரு பகுதியை விட்டுவிட்டு வேறொரு கனிமமாக மாறுகிறது. கூடவே தான் பிடித்து வைத்திருந்த தங்கத்தையும் ஆர்செனிக்கையும் கைவிடுகிறது. களிமண் கனிமங்களுக்குள் கட்டுண்டிருந்த நீரும் அதே சமயத்தில் வெளியேறுகிறது.

தங்கம் சாதாரண நீரில் கரையாது. ஆனால் கந்தகம் கலந்த கொதிநீரில் கரையும். கந்தகம் வண்டி என்றால் தங்கம் அதில் ஏற்றிய சரக்கு. வண்டி ஓடும் வரை சரக்கு கூடவே போகும். வண்டி உடைந்தால் அங்கேயே இறங்கிவிடும்.

பெண்டிகோவில் எடுத்த 680 டன் தங்கத்துக்கு எவ்வளவு பாறை கறக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பாருங்கள். டன்னுக்கு 3 மில்லிகிராம் வீதம், ஒரு துளி விடாமல் பிழிந்தாலும் சுமார் 22,800 கோடி டன் பாறை வேண்டும். நான்கு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நீளம், அகலம், உயரம் கொண்ட ஒரு மலைக்கட்டி அது. உண்மையில் முழுவதும் பிழிபடுவதில்லை. ஆகவே இதைவிடப் பல மடங்கு பாறை தன் சில்லறையைக் கொடுத்திருக்க வேண்டும்.

பேரேட்டை வளைத்துப் பாருங்கள்

சேர்த்த சரக்கை இறக்கி வைக்கக் கிட்டங்கி வேண்டும். அதைக் கட்டித் தந்தது மலை மடிப்பு.

கடையிலுள்ள தடித்த பேரேட்டை இரு கைகளாலும் பிடித்து, நடுப்பகுதி மேலே எழும்படி வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். வளைவின் உச்சியில் தாள்களுக்கு இடையே சிறு இடைவெளி விழும். சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகளின் நெருக்கத்தால் பெண்டிகோவின் மணற்பாறை, சிலேட்டு அடுக்குகளும் இப்படித்தான் மடங்கின. ஒவ்வொரு மடிப்பின் உச்சியிலும் குதிரைச் சேணம் போன்ற வடிவில் இடைவெளிகள் திறந்தன.

கீழே அழுத்தத்தில் அடைபட்டிருந்த கொதிநீர், நில அதிர்ச்சியில் பாறை வெடிக்கும் போதெல்லாம் மேலே பாய்ந்து அந்த இடைவெளிகளில் புகுந்தது. அழுத்தம் சட்டென்று குறைந்ததும், சுற்றுப்பாறையிலுள்ள இரும்பும் கரியும் கந்தகத்தோடு வினை புரிந்ததும், வண்டி உடைந்தது. சரக்கு இறங்கியது. நம் ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்கிறோமே, அந்த வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லும் தங்கமும் ஒன்றாகப் படிந்தன. பிறகு விரிசல் அடைபட்டது. மீண்டும் அழுத்தம் ஏறியது, மீண்டும் வெடித்தது, மீண்டும் ஒரு படிவு. பல சேணப் பாறைகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இந்த வரவுகள் மெல்லிய கோடுகளாக, வரிசை வரிசையாகத் தெரிகின்றன. அன்றாடம் எழுதிய சிட்டாவைப் போல.

அதன்பின் மழையும் காற்றும் மேற்பரப்பைக் கரைத்தன. உச்சியிலிருந்த வெங்கச்சங்கல் உடைந்து தங்கம் ஓடைகளில் சேர்ந்தது. தங்கம் கனம் அதிகமாதலால் மண் போனாலும் அது அடியில் தங்கிவிடும். 1851-இல் வந்தவர்கள் தட்டில் அலசி எடுத்தது அந்தத் தங்கத்தைத்தான். இதே மாநிலத்தில் மோலியாகுல் என்னும் இடத்தில் 1869 பிப்ரவரி 5-ஆம் நாள் ஒரு மரத்தின் வேரருகே, மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே, 70 கிலோவுக்கு மேற்பட்ட ஒரே தங்கக் கட்டி கிடைத்தது. அதை நிறுக்கத்தக்க பெரிய தராசு பக்கத்து ஊர் வங்கியில் இல்லை. கொல்லனின் பட்டறைக் கல்லில் வைத்து உடைத்துத்தான் எடை போட்டார்கள்.

மெழுகுவர்த்தி வியாபாரியின் துணிச்சல்

ஓடைத் தங்கம் தீர்ந்ததும் பாறைக்குள் தோண்ட வேண்டி வந்தது. அப்போது ஒரு பெரிய கேள்வி எழுந்தது. ஆழம் போகப் போகத் தங்கம் தொடருமா, தீர்ந்துவிடுமா? பிரிட்டனின் புகழ்பெற்ற நிலவியல் அறிஞர் சர் ரோடரிக் மர்ச்சிசன், தங்கம் மேற்பரப்பை ஒட்டியே இருக்கும், ஆழத்தில் குறைந்துவிடும் என்று 1850-களில் எழுதியிருந்தார். பெரியவர் சொல் ஆயிற்றே! முதல் போட வந்த பலரும் தயங்கினார்கள்.

தயங்காதவர் ஜார்ஜ் லான்செல். இவர் நிலவியல் படித்தவர் அல்ல. பெண்டிகோவில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்ற வியாபாரி. தொடக்கத்தில் சுரங்கத்தில் போட்ட பணம் நஷ்டமே ஆயிற்று. ஆனாலும் விடாமல் பார்த்து வந்தார். ஒரு சேணத்துக்குக் கீழே இன்னொரு சேணம் இருப்பது பெண்டிகோவின் இயல்பு. 1871-இல் பேலர்ஸ்டெட் குடும்பத்திடமிருந்து "180" என்ற சுரங்கத்தை 30,000 பவுண்டுக்கு வாங்கி மேலும் மேலும் ஆழப்படுத்தினார். அது 900 மீட்டரையும் தாண்டிப் போயிற்று. குவார்ட்ஸ் அரசர் என்று ஊரார் அவரை அழைத்தார்கள். 1906-இல் அவர் காலமானார். அதற்குள் பக்கத்துச் சுரங்கங்களும் அவர் வழியில் இறங்கியிருந்தன. விக்டோரியா குவார்ட்ஸ் என்ற சுரங்கம் 1,400 மீட்டர் ஆழத்தை எட்டியது.

ஏன் சேணத்துக்குக் கீழே சேணம்? பேரேட்டை மறுபடி வளைத்துப் பாருங்கள். ஒரே வளைவில் பல தாள்களுக்கு இடையே இடைவெளி விழுகிறது அல்லவா? ஈ. ஜே. டன் என்னும் நிலவியலாளர் 1890-களில் இந்த மடிப்புகளை ஒவ்வொன்றாக வரைந்து அறிக்கை தந்தார். மேலே தங்கம் இருந்ததற்கு என்ன காரணமோ, அதே காரணம் கீழேயும் இருந்தது. சரக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தவருக்குத்தான் அது எங்கே இருக்கும் என்பதும் தெரியும்.

குத்தூசி ஏமாற்றும் இடம்

எல்லாச் சேணத்திலும் தங்கம் இருந்ததா என்றால், இல்லை. இங்கேதான் பணம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

அரிசி மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் மூட்டையின் தரம் தெரிந்துவிடும். ஏனென்றால் மூட்டை முழுதும் அதே அரிசி. பெண்டிகோ மாதிரியான இடத்தில் தங்கம் அப்படிப் பரவியிருக்காது. கட்டி கட்டியாக, திட்டுத் திட்டாக இருக்கும். துளையிட்டு எடுத்த சாம்பிளில் ஒரு கட்டி மாட்டிக்கொண்டால் கணக்கு வானத்துக்கு ஏறும். மாட்டாவிட்டால் தங்கமே இல்லை என்று காட்டும். 2000-களின் நடுவில் பெண்டிகோவுக்கு அடியில் மறுபடியும் பெரிய அளவில் சுரங்கம் தொடங்கிய ஒரு கம்பெனி, எதிர்பார்த்த தரம் கிடைக்காமல் பின்வாங்க நேர்ந்தது.

அதே வட்டாரத்தில் இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பெண்டிகோவுக்குக் கிழக்கே ஃபாஸ்டர்வில் என்னும் இடம். அங்கே தங்கம் பெரும்பாலும் கனிமங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. பாக்டீரியாக்களை விட்டுக் கனிமத்தைச் சிதைத்துத் தங்கம் பிரித்தார்கள். 2010-களின் பிற்பகுதியில் ஆழத்தில் டன்னுக்கு 50 கிராமுக்கும் மேல் தரமுள்ள பகுதி அகப்பட்டது. 2020-இல் மட்டும் சுமார் 20 டன் தங்கம் எடுத்தார்கள். பிறகு உற்பத்தி இறங்கியது. ரஷ்யாவின் சைபீரியாவில் சுகோய் லாக் என்னும் இடத்திலும் பழங்கடலின் கறுப்புச் சேற்றுப் பாறையில்தான் தங்கம். அங்கே தரம் டன்னுக்கு சுமார் 2.3 கிராம்தான். ஆனால் பரப்பு பெரிது, தங்கம் பரவலாக இருக்கிறது. 2020 கணக்குப்படி எடுக்கத்தக்க இருப்பு சுமார் 4 கோடி அவுன்ஸ். ஒன்று கொஞ்சம் சரக்கு, கொள்ளை லாபம். மற்றது லாபம் சிறிது, விற்பனை பெரிது. இரண்டும் வியாபாரமே.

விஞ்ஞானிகளிடையே இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. பெண்டிகோத் தங்கம் முழுவதும் கடல் சேற்றிலிருந்தே வந்ததா, அல்லது அதற்கும் அடியிலுள்ள பழைய எரிமலைப் பாறைகளும் பங்கு கொடுத்தனவா என்பதே அது. இரு தரப்புக்கும் ஆதாரங்கள் இருக்கின்றன. ஆனால் சில்லறையாக இருந்தது வெப்பத்தால் கிளம்பி, கந்தக நீரில் பயணம் செய்து, மடிப்பிலும் விரிசலிலும் மொத்தமாக இறங்கியது என்பதில் பெரிய பிணக்கு இல்லை.

வணிகர் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

தங்கம் விலை ஏறும் காலங்களில், "அந்த நாட்டில் தங்க வயல் கண்டுபிடித்திருக்கிறோம், பங்கு வாங்குங்கள்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் பெருகுவார்கள். 1990-களில் கனடா நாட்டுக் கம்பெனியான பிரி-எக்ஸ், இந்தோனேஷியாவின் போர்னியோக் காட்டில் மாபெரும் தங்க வயல் கண்டதாக அறிவித்தது. அது வேறு வகைப் பாறை. ஆனால் பாடம் பொது. 1997-இல் உண்மை வெளிவந்தது. பாறைச் சாம்பிளில் யாரோ வெளியிலிருந்து தங்கத் தூள் கலந்திருந்தார்கள். அந்தத் துகள்கள் ஆற்றில் உருண்டவைபோல் முனை மழுங்கியிருந்தன. பாறைக்குள் பிறந்த தங்கத்துக்கு அந்த உருவம் வராது. பங்கின் விலை காகித விலையாயிற்று. அதன் பிறகே, 2001 முதல், தகுதி பெற்ற நிபுணர் பொறுப்பேற்ற அறிக்கை வேண்டும் என்ற விதி கனடாவில் வந்தது.

ஆகவே யார் வந்து தங்கம் இருக்கிறது என்றாலும் நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, டன்னுக்கு எத்தனை கிராம்? இரண்டு, எத்தனை இடத்தில், எவ்வளவு நெருக்கமாகச் சாம்பிள் எடுத்தீர்கள்? மூன்று, ஒரு கிராம் எடுக்கச் செலவு என்ன? நான்கு, இதை அளந்து கையெழுத்துப் போட்ட, உங்களுக்கு வேண்டாத மூன்றாம் ஆள் யார்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் பணப்பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. வந்தாலும் விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுத் திறப்பதே நல்லது.

கடலிலும் தங்கம் இருக்கிறது, கடைவாசல் கருங்கல்லிலும் இருக்கிறது. இருப்பது வேறு, எடுத்துக் கட்டுப்படியாவது வேறு. இந்த வித்தியாசத்தைப் பருப்பிலும் புளியிலும் தினமும் பார்க்கும் நம் வணிகர்கள், தங்கத்திலும் அதே தராசைப் பிடித்தால் போதும்.